அம்மா என்று அழைத்த குரல்

வினிஷா முதன்முதலாகத் தன்னை ‘அம்மா’ என்று கூப்பிட்ட இரவில் பூங்கொடிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சந்தோஷம்தான் காரணம். மகளுக்கு இருபத்து மூன்று வயது. அதுவரை அவள் பெற்றவளை ‘அக்கா’ என்றே கூப்பிட்டு வந்தாள்.

அதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. பத்தொன்பது வயதில் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் பூங்கொடி. வீட்டில் இரண்டு தம்பிகள். அக்கா சோறு, அக்கா சட்டை, அக்கா காசு என்று அவர்கள் நாள் முழுக்கக் கூப்பிட்டதைக் கேட்டுத்தான் குழந்தை பேசக் கற்றது. எல்லோரும் சிரித்தார்கள். விவரம் தெரிந்தால் மாற்றிக்கொள்வாள் என்றார்கள். விவரம் தெரிந்தது. அவள் மாற்றிக்கொள்ளவில்லை. உடுமலை நூல் மில்லில் கூட வேலை செய்யும் பெண்கள், “உனக்கென்ன பூங்கொடி, தங்கச்சி கோயமுத்தூர்ல சம்பாதிக்கறா” என்று வாருவார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிடுவாள். ஒரு தடவைகூட மகளிடம், ‘என்னை அம்மான்னு கூப்பிடேன்’ என்று கேட்டதில்லை. கேட்டு வாங்குகிற பொருளா அது என்று ஒரு வீம்பு.

அந்த இரவு போனில், “அம்மா, கிளம்பிட்டேன். வேன்ல ஏறி உக்காந்துட்டேன்” என்றது குரல்.

பூங்கொடி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தாள். வினிஷாவின் பெயர்தான் தெரிந்தது. மறுபடி காதில் வைத்தாள்.

“சரி கண்ணு” என்றாள்.

என்ன புதுசா கூப்பிடறே என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் மகளுக்குக் கூச்சம் வந்துவிடும், அத்தோடு நின்றுவிடும் என்று பயந்தாள். மறுநாளும் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. எட்டு மாதம் கேட்கவேயில்லை.

*

வழித்துணைச் சட்டம் அதற்கு முந்தைய வருடம் வந்திருந்தது. இரவு எட்டு மணிக்கு மேல் வேலை முடித்துக் கிளம்பும் எந்தப் பெண்ணோடும், அவள் தங்குமிடம் சேரும்வரை, வீட்டு மனிதர் ஒருவர் போனில் துணைக்கு இருந்தே ஆக வேண்டும். பேச்சு முழுக்கப் பதிவாகும். வீட்டில் எடுக்க ஆளில்லாமல் இரண்டு முறை தவறினால் இரவு ஷிப்ட் கிடையாது. இரவு ஷிப்டுக்குத்தான் சம்பளம் கூடுதல் என்பதால் எந்த வீட்டிலும் தவறவிடவில்லை.

சட்டம் வந்தபோது வினிஷாவின் கம்பெனியில் குடும்பத்தாருக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். பூங்கொடியும் பஸ் பிடித்துப் போயிருந்தாள். குளிரூட்டிய அறை, கேசரி, காபி. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஓர் இளைஞன் எல்லாவற்றையும் விளக்கினான்.

“ஏனுங் தம்பி” என்று எழுந்தாள் ஒரு தாய். “வேன்ல புள்ளைங்களோட ஒரு செக்யூரிட்டி அம்மா வந்துட்டு இருந்தாங்களே, அவங்க?”

“இனிமே அவங்க எதுக்கும்மா? நீங்களே கூட வர்றீங்களே!” என்றான் அவன் மலர்ச்சியாக.

சிலர் கைதட்டினார்கள். பூங்கொடியும் தட்டினாள். தன் பெண்ணோடு தானே போவது போல அப்போது அவளுக்குத் தோன்றியது.

போகப் போகத்தான் சிரமம் தெரிந்தது. அவளுக்கு விடியலில் மில் ஷிப்ட். இரவு வேன் எல்லோரையும் இறக்கிவிட்டு வினிஷாவின் அறைக்குப் போக ஒரு மணி நேரம் பிடிக்கும். வினிஷாதான் கடைசி.

“அக்கா, தூங்கிட்டயா?”

“இல்ல கண்ணு. கேட்டுட்டுத்தான் இருக்கறேன்.”

“குறட்டை கேக்குது.”

“அது பக்கத்து வூட்டு நாய்.”

“நாய் நல்லாத்தான் பதில் சொல்லுது போ.”

இப்படி ஓடுகிற நாட்கள் நல்ல நாட்கள். மற்ற நாட்களில் வினிஷா எரிந்து விழுவாள். பத்து மணி நேரம் வாடிக்கையாளர்களிடம் பேசிவிட்டு வருகிறவள். “தினமும் ஒரு மணி நேரம் உன்கிட்ட என்னத்தப் பேசறது அக்கா? சும்மா லைன்ல இரு. எதையும் கேக்காதே” என்பாள். பிறகு வேன் ஓடும் சத்தம் மட்டும் வரும். பூங்கொடி அந்தச் சத்தத்தோடு விழித்துக் கிடப்பாள்.

‘அம்மா’ என்று கூப்பிடத் தொடங்கிய பிறகு எல்லாமே மாறிவிட்டது. முட்டி வலி எப்படி இருக்கிறது என்று மகள் கேட்டாள். தைலம் தேய்த்தாயா என்று மறுநாள் நினைவு வைத்துக் கேட்டாள். பெரிய தம்பி சொத்துக்காகப் பேசாமல் போனதைப் பூங்கொடி சொன்னபோது, “விடும்மா, மாமா மனசுல ஒண்ணும் இருக்காது” என்று சமாதானம் சொன்னாள். பழைய வினிஷாவாக இருந்தால், “அந்தாளைப் பத்தி எங்கிட்டப் பேசாதே” என்றிருப்பாள். வேலைக்குப் போய்ப் பொறுப்பு வந்துவிட்டது என்று பூங்கொடி நினைத்துக்கொண்டாள். பகல் ஷிப்டில் சொக்கி விழுந்தாலும் பரவாயில்லை என்று இரவுக்காகக் காத்திருந்தாள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வினிஷா நேரில் வருவாள். அப்போது மட்டும் பழையபடி ‘அக்கா’தான். அதற்கும் பூங்கொடியிடம் ஒரு விளக்கம் இருந்தது. முகத்துக்கு நேரே கூப்பிட வெட்கம், போனில் வெட்கமில்லை. அப்படித்தானே இருக்கும்?

*

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, “அம்மா, ரூமுக்கு வந்துட்டேன். கதவைப் பூட்டிட்டேன். நீ தூங்கு” என்று குரல் சொன்னது. பூங்கொடி தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வினிஷாவின் போன் அவள் குடியிருந்த கட்டடத்தின் வாசற்படியில் கிடந்தது. வினிஷா, மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மூடிக் கிடந்த பனியன் குடோனுக்குப் பின்னால் கருவேலம் புதரில் கிடந்தாள்.

கடைசியாக அவளை ஏற்றிப் போன வேன் டிரைவர் ரஞ்சித்தைப் போலீஸ் பிடித்தது. முகத்தில் கீறல் இருந்தது. பூனை பிராண்டியது என்றான். வேனைக் கழுவி வைத்திருந்தான். கழுவுவது தன் வழக்கம் என்றான். இதையெல்லாம் விட அவனுக்குப் பெரிய துணையாக இருந்தது அந்தப் பதிவு. வினிஷா வேனை விட்டு இறங்கியதையும், படியேறியதையும், கதவைப் பூட்டியதையும் தன் வாயாலேயே அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அதன் பிறகு ரஞ்சித் விடியும்வரை ஒரு பெட்ரோல் பங்க்கில் கேமராவுக்கு முன்னால் வேனை நிறுத்திப் படுத்திருந்தான். அப்படியென்றால், வீட்டுக்குப் பத்திரமாக வந்த பெண் திரும்ப யாரோடோ வெளியே போயிருக்கிறாள். அந்த ‘யாரோ’வைப் பற்றி ஊரில் நிறையப் பேசினார்கள்.

வழக்கு தொடங்குவதற்கு முன்னால் அரசு வக்கீல் ராகினி பூங்கொடியைத் தன் அறைக்கு வரச் சொன்னார்.

“உக்காருங்கம்மா. துணைக்குரல்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“தினமும் லைன்ல பேச முடியாதவங்களுக்காக ஒரு கம்பெனி விக்குது. அது குடுக்கற வாக்கியங்களைக் கொஞ்ச நாள் படிச்சுக் காட்டினா நம்ம குரல், நம்ம பேச்சுத் தோரணை எல்லாத்தையும் கத்துக்கும். அப்புறம் நமக்குப் பதிலா அதுவே பேசும். போன் எங்க போகுதுன்னு பார்த்துக்கிட்டே இறங்கிட்டேன், வந்துட்டேன்னு சொல்லும். சட்டப்படி தப்புதான். ஆனா பாதிப் பொண்ணுங்ககிட்ட இருக்கு.”

ராகினி மேஜையின் மேல் குனிந்தார்.

“நான் என்ன நினைக்கிறேன்னா, ரஞ்சித் உங்க பொண்ணைக் குடோன்கிட்டயே விட்டுட்டு, போனை மட்டும் கொண்டுபோய் வாசப்படியில வெச்சிருக்கான். போன் வாசலுக்கு வந்ததும் மெஷின் ‘வந்துட்டேன்’னு சொல்லிருச்சு.”

“அந்தக் கம்பெனிக்காரங்களையே கேக்கலாமுங்களே?”

“கேட்டாச்சு. எப்ப ஆள் பேசினது, எப்ப மெஷின் பேசினதுன்னு அவங்க எங்கயும் குறிச்சு வெக்கறதில்லையாம். வாங்கின பொண்ணுங்களுக்கு அவங்க குடுத்த வாக்கே அதுதான். வீட்டுக்கும் தெரியாது, ஆபீசுக்கும் தெரியாது, எங்களுக்கே தெரியாதுன்னு. லேப்லயும் பிரிக்க முடியல.” ராகினி கொஞ்சம் தயங்கினார். “இனி ஒரே வழி நீங்கதான். குரலைப் பெத்தவங்க அடையாளம் சொன்னா கோர்ட் எடுத்துக்கும். கேக்கறீங்களா?”

கேட்டாள். வேன் சத்தம் வந்தது. “அம்மா, கிளம்பிட்டேன்” என்றது.

ராகினி பதிவை நிறுத்தினார். “எப்பவும் இப்படித்தான் பேசுவாளா? ஏதாவது ஒரு வார்த்தை, ஒரு இழுப்பு, வித்தியாசமா இருக்கா?”

 பூங்கொடிக்குப் புரிந்துவிட்டது. அந்த இரவில் மட்டும் இல்லை, எட்டு மாதமாகவே பேசியது மெஷின். வழித்துணைப் படிவத்தில் ‘உறவு: தாய்’ என்று போட்டிருக்கும். ஒரு மெஷினுக்குத் தாய் என்றால் அம்மா. அக்கா என்று கூப்பிட அதற்கு எப்படித் தெரியும்?

“நான் ரெண்டு நாள் கழிச்சு வர்றனுங்க” என்று எழுந்துவிட்டாள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எட்டு மாதத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். தைலம் தேய்த்தாயா. விடும்மா. மழையில் நனையாதேம்மா. பொங்கலுக்கு உனக்குப் புடவை எடுத்திருக்கேம்மா. அந்தப் புடவை வரவேயில்லை. ஆபீசில் வேலை நெருக்கடி, மறந்திருப்பாள் என்று இருந்துவிட்டாள். இப்போது தனக்குத் தெரிந்ததை வாய் திறந்து சொன்னால் ரஞ்சித் மாட்டுவான். ஆனால் இத்தனையும் ஒரே நிமிடத்தில் போய்விடும். சொல்லாமலிருந்தால் தனக்கென்று ஒரு மகள் எட்டு மாதம் இருந்தாள் என்பதாவது மிஞ்சும். அவன் வேன் ஓட்டுவான்.

மூன்றாம் நாள் ராகினியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா என்று கூப்பிட்டது, எப்படி அப்படி ஆனது, எப்போது மாறியது, ஏன் கேட்கவில்லை என்று ஒன்று விடாமல் சொன்னாள். ராகினி எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் பேனாவை வைத்துவிட்டார்.

“கோர்ட்ல இதை அப்படியே சொல்லணும்மா.”

“சொல்றனுங்க.”

*

எதிர்த்தரப்பு வக்கீல் நரேந்திரன் கோபமே இல்லாத மனிதர். சாட்சிக் கூண்டில் நின்றவளுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

“மில்லுல எத்தனை வருஷமா இருக்கீங்கம்மா?”

“இருபது வருசத்துக்கு மேலங்க.”

“அந்த இரைச்சல்ல காது கெட்டிருக்குமே?”

“இல்லைங்க. அந்த இரைச்சலுக்குள்ளயே எந்த மெஷின் மாத்தி ஓடுதுன்னு சொல்லுவனுங்க.”

“அப்படியா!” நரேந்திரன் உண்மையாகவே வியந்தது போலிருந்தது. “மெஷின் சத்தம் மாறினா ஒரு நொடியில தெரிஞ்சிருது. சொந்த மக எட்டு மாசம் பேசாம, ஒரு மெஷின் பேசினது மட்டும் தெரியல. இல்லைங்களா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பூங்கொடி கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியலைங்க. அம்மான்னு கூப்பிட்டுதுங்க. அதுல நான் வேற எதையும் பாக்கலைங்க.”

“இப்பத் தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“சரி. மூணு பதிவு போடறேன். எது உங்க பொண்ணு, எது மெஷின்னு சொல்லுங்க. கோர்ட் அனுமதி வாங்கியிருக்கேன்.”

முதல் பதிவு: “அம்மா, இன்னிக்கு ட்ராபிக் ஜாஸ்திம்மா.” மெஷின் என்றாள். இரண்டாவது: “அம்மா, நீ சாப்பிட்டுட்டுப் படு.” அதுவும் மெஷின் என்றாள். மூன்றாவதில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு, எரிச்சலும் தூக்கமும் கலந்து, “அக்கா, இருக்கியா? மறுபடியும் தூங்கிட்டயா நீ?”

பூங்கொடியின் முகம் மலர்ந்ததை அந்தக் கூடத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். “இதுதானுங்க!” என்றாள். “இதுதான் என்ற பொண்ணு. சத்தியமா இதுதானுங்க.” தன்னை அறியாமல், “இருக்கறேன் கண்ணு” என்றும் சொல்லிவிட்டாள்.

 நரேந்திரன் நீதிபதியின் பக்கம் திரும்பி, பணிவாகச் சொன்னார்.

“மூணாவது பதிவு, கம்பெனிகிட்ட வாங்கின வினிஷாவோட துணைக்குரல் தயாரிச்சது. நேத்து மத்தியானம், என் ஆபீஸ்ல. இந்த அம்மாவோட வாக்குமூலத்தைப் படிச்சுக் காட்டி, ‘அக்கா’ன்னு கூப்பிடுன்னு சொன்னோம். கூப்பிட்டுச்சு. முதல் பதிவு, வினிஷாவோட பழைய லைன்ல இருந்து எடுத்தது. கம்பெனி துணைக்குரலை விக்கவே ஆரம்பிக்காத காலத்துப் பதிவு. ஆபீஸ் ஆளுங்க முன்னாடி இருக்கும்போது மட்டும் வினிஷாவே அம்மான்னு கூப்பிட்டிருக்காங்க. நாலைஞ்சு இடத்துல இருக்கு.”

அவர் பூங்கொடியிடம் திரும்பினார். “மன்னிச்சிருங்கம்மா. உங்க துக்கம் எனக்குப் புரியுது.”

வினிஷா எப்போதோ, யார் முன்னாலோ, வெட்கப்பட்டு அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள். அந்த அம்மா உண்மை. தூக்கக் கலக்கத்தில் காதில் விழுந்தும் பதியாமல் போயிருக்கிறது. அதைத்தான் இப்போது கோர்ட்டில் எல்லோருக்கும் முன்னால் மெஷின் என்று தள்ளிவிட்டாள். நேற்று மத்தியானம் செய்யப்பட்ட ஒன்றைத்தான் கண்ணு என்று கூப்பிட்டாள்.

சந்தேகத்தின் பலனை ரஞ்சித்துக்கு அளித்துத் தீர்ப்பு வந்தது. வாசலில் அவன் நண்பர்கள் பட்டாசு கொண்டுவந்திருந்தார்கள். போலீஸ் விரட்டியதால் வெடிக்கவில்லை.

“அப்பீல் போகலாம்” என்றார் ராகினி. குரலில் பலமில்லை. “ஆனா இருக்கறதை மட்டும் வெச்சுப் போனா நிக்காது. புதுசா ஒரு சாட்சி வேணும்.”

“எங்க போயிப் புடிக்கறதுங்க?”

ராகினி கேஸ் கட்டை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

*

அதற்கடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒல்லியாக ஒரு பெண், கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு பூங்கொடியின் வீட்டைத் தேடி வந்தாள். பெயர் ஜெனிட்டா. வினிஷாவின் ஆபீஸ் இருக்கும் அதே வளாகத்தில் வேறொரு கம்பெனியில் வேலை என்றாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“சாவுக்கு வந்திருந்தயா கண்ணு? பாத்த நெனப்பு இல்லையே.”

“வரல ஆன்ட்டி.”

பூங்கொடி டீ போட்டுக் கொடுத்தாள். ஜெனிட்டா குடிக்காமல் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள்.

“எனக்கு வீட்டாளுங்க யாரும் இல்ல ஆன்ட்டி. பாளையங்கோட்டைல ஒரு ஹோம்ல வளர்ந்தேன். லைன்ல ஆள் இல்லைன்னா நைட் ஷிப்ட் கிடையாது. இப்ப பகல் வேலையையும் குறைக்கிறாங்க. இந்த மாசத்துக்குள்ள யாரையாவது காட்டலைன்னா வேலையே போயிரும். நீங்க எனக்கு அம்மான்னு பதிவு பண்ணிக்கிறீங்களா? நீங்க பேசக்கூட வேண்டாம். பேர் மட்டும் போதும்.”

“என்னை எதுக்கு கண்ணு கேக்கறே?”

“வினிஷா சொல்லிருக்கா. எங்க அக்காட்ட யார் போய் எதைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்லத் தெரியாதுன்னு.”

எங்க அக்கா. பூங்கொடி அவளையே பார்த்தாள். 

“முந்தியெல்லாம் நைட் ஷிப்டுக்குப் போயிட்டு இருந்தயல்லோ?”

“ஆமா.”

“அப்ப லைன்ல யாரு இருந்தா?”

ஜெனிட்டா குனிந்துகொண்டாள்.

“சொல்லு கண்ணு. யாரு இருந்தா?”

“அக்கான்னு இல்லாத ஒருத்தி பேரை எழுதிக் குடுத்திருந்தேன். என் பேர்ல இன்னொரு போன் வாங்கி, அதை அவட்ட குடுத்திருந்தேன்.” கிளாஸைக் கீழே வைத்தாள். “வினிஷாட்ட.”

தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்று, குடங்கள் மோதும் சத்தம் கேட்டது. பூங்கொடி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“எத்தனை நாளா?”

“எட்டு மாசம். நான் பஸ்ல இறங்கி ஹாஸ்டல் வரைக்கும் இருட்டுல நடக்கணும். அவ வேன்ல இருந்துட்டே பேசுவா. உங்களுக்கு மெஷினை வெச்சிட்டு, எங்கூடப் பேசுவா.”

“என்ன பேசுவா?”

“திட்டுவா.” ஜெனிட்டாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. “நாய் துரத்துதுன்னு அழுதா, ‘போனை நாய்கிட்டக் குடுடி, நான் பேசிக்கறேன்’னு சொல்லுவா.”

“என்னைப் பத்தி?”

“பாவம் அக்கா, காலைல ஷிப்ட், மெஷின்னு தெரியாம அதுபாட்டுக்குப் பேசிட்டுத் தூங்கிரும்னுதான் முதல்ல வெச்சா. அப்புறம் ஒரு நாள் சொன்னா, ‘அந்தச் சனியன் அம்மா அம்மான்னு கூப்பிடுதுடி. எங்க அக்கா முன்னைவிட ஆசையா முழிச்சிட்டு இருக்கு. எப்படி நிறுத்தறதுன்னு தெரியல’ன்னு. அன்னைக்கு என்னைத் திட்டவே இல்ல.”

பூங்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். 

“அந்த வியாழக்கிழமை ராத்திரியும் உன்னோட பேசிட்டுத்தான் இருந்தாளா?”

ஜெனிட்டா தலையை ஆட்டினாள்.

“என்ன கேட்டே?”

“‘ரஞ்சித்தண்ணா, இது நம்ம ரோடு இல்லையே’ன்னா. அவன் என்னமோ சொன்னான். மறுபடி அவ சத்தமா, ‘வண்டியை நிறுத்துங்க’ன்னா. அப்புறம் போன்ல மெதுவா, ‘ஜெனி, வெச்சிராத. லைன்ல இரு’ன்னா.”

“நீ?”

“வெச்சிட்டேன்.”

“ஏன்?”

“ஏதாச்சும் தகராறுன்னா என் லைனைத் தோண்டுவாங்க, பொய்யா அக்கான்னு எழுதினது தெரிஞ்சிரும்னு... அவ்வளவு தூரம் போகும்னு நினைக்கல ஆன்ட்டி. ரெண்டு நிமிஷம் கழிச்சுக் கூப்பிட்டேன். போகல. அந்தப் போனை அவன் எங்க போட்டான்னே தெரியல.”

“கேஸ் நடந்தது தெரியுமல்லோ உனக்கு?”

“பேப்பர்ல படிச்சேன்.”

“வந்து சொல்லியிருக்கலாமே கண்ணு.”

“வேலை போயிரும். பொய் உறவுக்கு ஜெயில்கூடப் போடறாங்க ஆன்ட்டி.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு வேற போக்கிடம் கிடையாது.”

பூங்கொடி அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. செருப்பின் வார் நூலால் தைக்கப்பட்டிருந்தது. எட்டு மாதம் தினமும் ஒரு மணி நேரம் வினிஷா இவளுக்குத்தான் இருந்தாள். வேலை போனால் இவள் இன்னும் மோசமான ஒரு வேலைக்குத்தான் போவாள், இன்னும் இருட்டான ஒரு ரோட்டில்தான் நடப்பாள்.

“போனைப் போடு” என்றாள். “பதிவு பண்ணிக்கறேன்.”

ஜெனிட்டா நம்பாமல் பார்த்தாள். பிறகு எண்ணைப் போட்டு, போனை நடுவில் வைத்தாள். வழித்துணை அலுவலகத்தின் தானியங்கிக் குரல் எடுத்தது.

“இணைப்பாளருக்கு நீங்கள் என்ன உறவு?”

“அம்மா.”

“முழுப் பெயர்?”

“பூங்கொடி. உடுமலைப்பேட்டை.”

குரல் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசித்தது. அதை முழுக்கக் கேட்கிறவர்கள் கிடையாது. சம்மதம் சம்மதம் என்று இடையிலேயே சொல்லி முடித்துவிடுவார்கள். ஜெனிட்டாவுக்கு நிம்மதியில் பசி வந்திருந்தது. தான் கொண்டுவந்த பிஸ்கட்டைத் தானே பிரித்து ஆறிப்போன டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள். பூங்கொடி மட்டும் தலையைச் சாய்த்து, மில்லில் மெஷினைக் கேட்பது போலக் கேட்டாள்.

“இந்த இணைப்பின் பழைய பதிவுகள் அனைத்தையும் கேட்கவும், நகல் பெறவும், நீதிமன்றத்தில் அளிக்கவும் உறவினருக்கு உரிமை உண்டு. சம்மதமா?”

பிஸ்கட் டீக்குள் உடைந்து விழுந்தது.

“ஆன்ட்டி” என்றாள் ஜெனிட்டா.

“சம்மதம்” என்றாள் பூங்கொடி.

“பதிவு முடிந்தது. வேறு ஏதாவது தேவையா?”

“பழைய பதிவு ஒண்ணு கேக்கணுமுங்க.”

“ஆன்ட்டி, வேண்டாம். என் வேலை... நான் உங்க பொண்ணு மாதிரி ஆன்ட்டி.”

“மாதிரி என்ன கண்ணு, பொண்ணுதான். இப்பத்தான எழுதிக் குடுத்தேன்” என்றாள் பூங்கொடி. அதில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை. போனை எடுக்க நீண்ட மெலிந்த கையைத் தன் மடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்த வியாழக்கிழமையின் தேதியைச் சொன்னாள்.

“நகல் எந்த முகவரிக்கு?”

அரசு வக்கீல் ராகினியின் முகவரியை மனப்பாடமாகச் சொன்னாள்.

“பதிவைக் கேட்பவர் நீங்கள் மட்டுமா?”

“ரெண்டு பேர் இருக்கறோமுங்க.”

ஜெனிட்டா கையை உருவப் பார்த்தாள். மில் வேலை செய்து காய்த்த பிடி அது. விடவில்லை.

சற்று நேரம் இரைச்சல். வேன் கதவு இழுத்துச் சாத்தப்படும் சத்தம். அப்புறம், யாருக்கும் பயப்படாத, பசியில் கொஞ்சம் கடுகடுத்த ஒரு குரல்:

“ஏய் ஜெனி, இறங்கிட்டயா இல்லியா? வாயத் தொறந்து சொல்லித் தொலை.”